மூக்கரும் சிவப்பு டப்பாவும்

மூக்கருடைய மூக்கு செத்து மாதங்கள் ஆகியிருந்தன. விஷயம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் கடையில் அவர்தான் மூத்த மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவியே மறந்திருப்பாள். கடையில், தெருவில், போனில் எல்லாருக்கும் அவர் மூக்கர். மற்ற மெக்கானிக்குகள் ஒரு வீட்டுக்குப் போனால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு, எங்கே நுரை முட்டை விடுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூக்கருக்கு அந்த வேலையே கிடையாது. சமையலறை வாசலில் நிற்பார். கண்ணை மூடுவார். ஒரே இழுப்பாக மூச்சை உள்ளே இழுத்து, பாட்டுக்காரர் சுருதி கேட்பதுபோலத் தலையைச் சற்றே சாய்ப்பார். "ரெகுலேட்டர் இல்லம்மா. இடது பர்னருக்கு அடியில" என்பார். கழற்றிப் பார்த்தால் இடது பர்னருக்கு அடியில்தான் இருக்கும். வீட்டுக்காரர்கள் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். அவரோ தன் மூக்கைத் துண்டால் ஒற்றிக்கொள்வார், பாவம் அது உழைத்துக் களைத்துவிட்டதுபோல.

அந்த மூக்குக்கு வீட்டில் தனிச் சட்டம் இருந்தது. மிளகாய் நாக்கில் பட்டால் மூக்கு மந்தமாகிவிடும் என்று தொழில் பழகிய காலத்தில் யாரோ சொன்னதை மூக்கர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி பிறந்த வீட்டில் மிளகாயைக் கடித்துக்கொண்டே வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் காரம் வைத்தாள். மறுநாள் அவர் ஒரு கசிவைத் தவறவிட்டு வந்து, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டு அடுக்களையில் மிளகாய்க்கு இடமில்லை. உருளைக்கிழங்கு வெந்தது, காய் வெந்தது, முட்டை வெந்தது. விருந்துக்கு வந்தவர்கள் முகத்துக்காகச் சாப்பிட்டு, வாசலுக்கு வெளியே போய் "ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றார்கள். அவளுக்கும் அது காதில் விழும். "வயித்துக்குச் சோறு போடுறது அந்த மூக்கு. அதுக்குக் காவல் இருக்கறதுல எனக்கென்ன குறைச்சல்?" என்பாள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

போன மழைக்காலத்தில் மூக்கருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்த காய்ச்சல்தான், படுத்தார், எழுந்தார். எழுந்து கடைக்குப் போய், பழக்கதோஷத்தில் ஒரு பழைய ட்யூபைப் பிடுங்கி முகர்ந்தார். ஒன்றுமில்லை. இன்னொன்றைப் பிடுங்கினார். சுவரை முகர்ந்ததுபோல இருந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்" என்றார், ஏதோ விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன மிச்சம்? கடை முதலாளியம்மா போனை எடுத்தாலே "மூக்கரையே அனுப்புறேன்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். அதனால் அவரும் ஒரு சோப்புத் தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி மூச்சிழுக்கிற நாடகம் முடிந்ததும், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்கம்மா" என்று வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு, அந்த இடைவெளியில் திருடனைப்போல எல்லா இணைப்பிலும் தடவிவிடுவார். தண்ணீர் வருவதற்குள் துடைத்தும்விடுவார். ஆபத்து ஒன்றுமில்லை, சோப்பு பொய் சொல்லாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் அது நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை ட்யூஷன் டீச்சர் வீட்டில் புது ட்யூப் மாட்டினார். பையைத் திறந்தால் பாட்டில் மூடி கழன்று, தண்ணீரெல்லாம் துண்டில். சோப்பு கேட்கலாம்தான். கேட்க வாயெடுப்பதற்குள் டீச்சர், கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டாள். "எல்லாரும் வாங்க, மூக்கர் கண்டுபிடிக்கிறதைப் பாருங்க!" கதவருகே வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். மூக்கர் கண்ணை மூடினார், இழுத்தார், தலையைச் சாய்த்தார்.

"சுத்தம்" என்றார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். படியிறங்கும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நாளைக்கு எதையாவது சொல்லிக்கொண்டு வந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தார். சனிக்கிழமை கடையில் தலைக்கு மேல் வேலை.

சனிக்கிழமை சாயங்காலம் மச்சினி வந்து இறங்கினாள், மனைவியின் தங்கை. பல வருஷம் கப்பலிலும் கண்காணாத ஊர் விடுதிகளிலும் சமையல்கட்டு வேலை பார்த்துவிட்டு, உடைந்த சக்கரப் பெட்டியோடு திரும்பியிருந்தாள். குளித்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தவள் தட்டைப் பார்த்தாள்.

"அக்கா, உன் கைச் சாப்பாட்டுக்காகக் கடல் தாண்டி வந்திருக்கேன். இது என்ன, வெந்நீர்ல குளிச்ச உருளைக்கிழங்கா?"

"வாயை மூடிட்டுத் தின்னு. மாமா மூக்கு தெரியும்ல?"

"அந்த மூக்குக்காக ஊரே பத்தியம் இருக்கணுமா? ஏன் மாமா, உங்க மூக்கு இன்னும் ரிட்டயர் ஆகலையா?"

மூக்கர் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. "இல்ல இல்ல, நல்லாருக்கு" என்றார். எதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு எதைச் சாப்பிட்டாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் நாலு கல் உப்பு கூடினாலும் கண்டுபிடித்துக் குறை சொல்கிற மனுஷர். கணவருக்கு இப்போதுதான் தன் சமையல் பிடித்திருக்கிறது என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டதும் அவருக்குத் தெரியும்.

மச்சினி பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"என்னடி அது, பெயின்ட்டா?"

"கோச்சுஜாங். கொரியாக்காரங்க மிளகாய் விழுது. என்கூட ரூம்ல இருந்த கொரியாக்கார அக்கா இதில்லாம வாயே திறக்க மாட்டா. மிளகாய்த்தூள், பசையரிசி, புளிக்க வச்ச சோயா, உப்பு. எல்லாத்தையும் ஜாடில போட்டு மாசக்கணக்கா ஊற விடுவாங்களாம்."

மூடியைத் திறந்தாள். கருஞ்சிவப்பாக, மெழுகு பூசியதுபோலப் பளபளத்தது. மனைவி தன்னையறியாமல் குனிந்து மோந்தாள். மோந்தவள் தீயைத் தொட்டவள்போலப் படக்கென்று மூடியை அமுக்கினாள். "மூடுடி! அவரு மூக்கு என்னாகிறது!"

ஆனால் அதற்கு முன்னால் அவள் எச்சில் விழுங்கியதை மூக்கர் பார்த்துவிட்டார்.

"இருக்கட்டும்" என்றார். "எனக்கும் கொஞ்சம் போடு."

மனைவி கையிலிருந்த கரண்டி அப்படியே அந்தரத்தில் நின்றது. மச்சினி மட்டும் அசரவில்லை. சுடுசோற்றில் ஒரு கரண்டி விழுதைப் போட்டாள், நல்லெண்ணெய் விட்டாள், வெள்ளரித் துண்டுகளைத் தூவி, மேலே ஒரு பொரித்த முட்டையை உடைத்துவிட்டு, சோறு செக்கச்செவேல் என்று ஆகும்வரை பிசைந்து அவர் முன்னால் தள்ளினாள்.

முதல் வாய் உள்ளே போனது. கொஞ்சம் இனித்தது, பிறகு பற்றிக்கொண்டது. நாக்கு, அண்ணம், காது மடல், உச்சந்தலை. ஆளில்லாத வீடு என்று நினைத்திருந்த வீட்டுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டியதுபோல இருந்தது மூக்கருக்கு. மாதக்கணக்கில் ஈரப் பஞ்சை மென்றுகொண்டிருந்த வாய் அது. கண்ணில் நீர் கொட்டியது. மூக்கில்கூட எரிந்தது. மூக்கில்!

"அய்யோ, தண்ணி குடிங்க!"

"வேணாம்" என்று அடுத்த வாயை அள்ளினார். தட்டு காலியாகும்வரை நிமிரவில்லை. அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்கடியில் வைத்து இழுத்தார். ஒன்றுமில்லை. ஷாம்பூ, ஒன்றுமில்லை. அழுக்குத் துணிக் கூடைக்குள் தலையை விட்டார். அதிலும் ஒன்றுமில்லை. எரிச்சல் மட்டும்தான் திரும்பியிருந்தது, வாசனை திரும்பவில்லை.

"ஏங்க, வயித்தைப் புரட்டுதா?" என்றாள் கதவுக்கு வெளியே மனைவி.

"இல்ல. நல்லாருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மூக்கர் தானே சமைக்கப்போவதாகச் சொன்னார். மனைவி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள், சூரியன் மேற்கில் உதித்திருக்கிறதோ என்று. "நாளைக்கு வேலைக்குப் போகணுமே, மூக்கு?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் சும்மா கட்டுக்கதைன்னு சொல்றாங்க" என்று கரண்டியைத் துடைத்தார். அவள் டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மச்சினி பக்கத்தில் நின்று ஏவினாள். எண்ணெயில் பூண்டு, அதன் மேல் இரண்டு கரண்டி விழுது, தண்ணீர், சோயா சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை. தளதளவென்று கொதித்ததும் உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும். "இனி சிம்ல வைங்க மாமா. இதுல இனிப்பு இருக்கு, தீ கூடினா அடிபிடிச்சுக் கசந்துடும். மெதுவா வத்தணும்."

அந்த வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரார் அடுப்பையெல்லாம் சரி பண்ணுகிறவர் வீட்டு அடுப்பு கடையின் பழைய இரும்பில் போட வேண்டிய அடுப்பு. சிம்மில் வைத்தால் ஜ்வாலை பல்லுப்போன வாய்போல இங்கொன்றும் அங்கொன்றுமாக எரியும். பக்கத்து ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. இரண்டையும் அடுத்த ஞாயிறு பார்க்கிறேன் என்று அவர் சொல்லிவந்த ஞாயிறுகளுக்குக் கணக்கில்லை.

பெண்கள் இருவரும் துவைத்த திரைச்சீலைகளைக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனார்கள். மூக்கர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து ஒரு விரல் விழுதை வழித்து நக்கினார். எரிந்தது. இன்னொரு விரல். உயிரோடு இருப்பது என்றால் இப்படித்தான் என்று தோன்றியது. உள்ளே ஜன்னல் காற்றில் டமாலென்று சாத்திக்கொண்ட சத்தம் கேட்டது. கொக்கி மாட்டணும் என்று நினைத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துத்தான் எழுந்து போய்ப் பார்த்தார். குழம்பில் ஒரு குமிழி இல்லை. குனிந்தார், ஜ்வாலை இல்லை. அணைந்துவிட்டது போல. கையை நீட்டி லைட்டரை எடுத்து, பர்னருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கட்டைவிரலை வைத்தார்.

"அடிக்காதீங்க!"

அப்படி ஒரு குரல் தன் மனைவிக்கு உண்டு என்று அவருக்குத் தெரியாது. காலித் துணிவாளியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். லைட்டர் சுவரோரம் போய் விழுந்தது. அடுப்புத் திருகை அடைத்தாள், ரெகுலேட்டரை அடைத்தாள், ஜன்னலைத் தள்ளினாள். "ஸ்விட்சைத் தொடாத!" என்று தங்கையைப் பார்த்துக் கத்தினாள். எல்லாம் அவர் ஊர் வீடுகளில் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம் ஆனவை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து படிக்கட்டில் தள்ளினாள்.

"மாடிப்படிவரைக்கும் நாறுது! உள்ள நிக்கிறீங்க, உங்களுக்குத் தெரியலையா? உங்களுக்கு?"

மூக்கர் வாயோரம் சிவப்பு விழுது ஒட்டியிருந்தது. அதைப் புறங்கையால் துடைத்தார். அதற்குள் அவள் முகம் மாறியது.

"தெரியலை" என்றாள் அவளே, மெல்ல. "எப்பலேர்ந்து?"

"அந்தக் காய்ச்சல்லேர்ந்து."

மச்சினி சுவரோடு சாய்ந்து நின்றாள். மனைவி படியில் உட்கார்ந்தாள்.

"அப்போ நான் ஆக்கிப்போட்டதெல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னீங்களே."

அவர் தலையைக் குனிந்தார்.

"அதுக்கப்புறமும் நான் மிளகாய் போடாமத்தானே ஆக்கினேன்? செத்துப்போன மூக்குக்குக் காவல் இருந்திருக்கேன். நீங்க பாத்துக்கிட்டே தின்னிருக்கீங்க."

அடித்திருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு. லைட்டர் பிடித்திருந்த கட்டைவிரலைப் பார்த்தார். கதவருகே வரிசையாக நின்ற முகங்கள் கண்ணுக்கு முன் வந்தன. அந்தக் கைதட்டல் கேட்டது.

"டீச்சர் வீடு" என்றார்.

"என்ன டீச்சர் வீடு?"

"வெள்ளிக்கிழமை. சோப்பு இல்ல. மோந்து பாத்துட்டு சுத்தம்னு சொல்லிட்டேன். பிள்ளைங்க இருந்தாங்க."

செருப்பைத் தேடாமலே இறங்கி ஓடினார். மூலையில் திரும்பும்போது பின்னால் காலடிச் சத்தம். மனைவி, கையில் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் பாட்டில். மூச்சு வாங்க, "உங்களுக்குத்தான் மூக்கு இல்லையே, நீங்க தனியாப் போய் என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

டீச்சர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. பரீட்சை நேரம், ஞாயிறும் வகுப்பு. கூடத்தில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அட, மூக்கரா! லீவு நாள்ல, செருப்புகூட இல்லாம?" என்று எழுந்தாள் டீச்சர்.

மூக்கர் அவளைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் போய் நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் அவர் கண்ணை மூடி நின்ற இடம் அது. அவள் கண்ணைத் திறந்தபடியே ஒரு மூச்சு இழுத்தாள். தலைப்பு மூக்குக்குப் போனது.

அது போதும். "பிள்ளைங்களா, நோட்டை அப்படியே போட்டுட்டு வெளிய போங்க. லைட்டு, ஃபேன் எதையும் தொடாதீங்க. டீச்சர், நீங்களும்" என்று உள்ளே பாய்ந்து ரெகுலேட்டரை அடைத்தார். ஜன்னல்கள் முன்னமே திறந்திருந்தன. மனைவி சோப்பை நீட்டினாள். புது ட்யூப் அடுப்போடு சேரும் இடத்தில், அவர் கையாலேயே முறுக்கிய இறுக்குப் பட்டைக்கு அடியில், தடவினார். குழாயில் மிச்சம் இருந்த கேஸே போதுமானதாக இருந்தது. ஒரு குமிழி பட்டாணி அளவு வந்தது, திராட்சை அளவு ஆனது, வெடித்தது. அடுத்தது வந்தது.

வாசலிலிருந்து டீச்சர் சொன்னாள்: "எனக்கும் ரெண்டு நாளா லேசா வாடை வந்துச்சு மூக்கரே. ஆனா நீங்களே பாத்துட்டு சுத்தம்னு சொல்லிட்டீங்க. அப்போ சாக்கடையாத்தான் இருக்கும்னு ஜன்னலைத் திறந்து வச்சுட்டு இருக்கேன். அந்த நாத்தம் போகட்டும்னு அதுகூட வாங்கிட்டு வந்தேன், சாயந்திரம் ஏத்தலாம்னு."

அவள் காட்டிய பக்கம் திரும்பினார். சாப்பாட்டு மேசையில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு வாசனை மெழுகுவத்தி. மேல்தாள் பாதி பிரிந்திருந்தது. பக்கத்தில் தீப்பெட்டி.

மூக்கர் அந்தத் தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் மூக்கு போனது மட்டுமில்லை, இந்த அம்மாவின் நல்ல மூக்கையும் ஒரே வார்த்தையில் பிடுங்கிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. பட்டையை மறுபடி முறுக்கினார், தடவினார், குமிழி இல்லை என்று ஆனபிறகும் தடவினார். வெளியே வந்து எல்லார் முன்னாலும் நின்றார்.

"டீச்சர், எனக்கு மோப்பம் கிடையாது. காய்ச்சல்ல போச்சு. அன்னைக்கு நான் பண்ணினது நடிப்பு."

பின்வரிசைச் சிறுமி ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "அப்போ ஏன் மூக்கர்னு கூப்பிடுறாங்க?" என்று கேட்டது எல்லாருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் உள்ளே கூடத்தில் கிடந்த பாயிலிருந்து கண்ணை எடுக்காமல், "இனிமே வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கடை திறந்ததும் பையை முதலாளியம்மாவின் மேசையில் வைத்து முழுதும் சொன்னார், மெழுகுவத்தி உள்பட. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். "ஊரெல்லாம் உங்க மூக்கை நம்பித்தானய்யா கடைக்குப் போன் போடுது" என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வீட்டு வேலைக்கு இனி நீங்க போக வேணாம். பின்கட்டுல பர்னர் கழுவுற மேசை இருக்கு. அங்க உக்காருங்க. மத்தவங்களுக்குச் சோப்புத் தண்ணி கலக்குற வேலையும் உங்களுது." அவர் போன வீடுகளுக்கெல்லாம் வேறு ஆள் போய் மறுபடி பார்ப்பது என்றும் முடிவாயிற்று. மூக்கர் தலையாட்டினார். பின்கட்டு இருட்டாக இருந்தது. எல்லா பர்னரும் ஒன்றுபோல இருந்தன.

அன்று வீட்டுக்கு வந்தபோது சமையலறையிலிருந்து புகை. உள்ளே நுழைந்ததும் தும்மல் வந்தது. மனைவி அடுப்பின் முன் நின்றிருந்தாள். டப்பா பாதிக்கு மேல் காலி. மச்சினி மூலையில் இருமிக்கொண்டே, "மாமா, ஓடிடுங்க. அக்கா பழைய பாக்கியெல்லாம் இன்னைக்கே சமைக்கிறா" என்றாள். ஜன்னலில் புதுக் கொக்கி. அடுப்பு ட்யூபில் சோப்பு காய்ந்த வெள்ளைத் தடம்.

மனைவி தட்டை அவர் முன்னால் ஓசை வர வைத்தாள். தனக்கும் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு பேர் கண்ணிலும் நீர் ஓடியது. அது எதனால் என்று மச்சினி கேட்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் மனைவி, கடைசியில்.

பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூக்கர் அதை விழுங்கினார்.

"தெரியலை" என்றார். "எரியுது. அவ்வளவுதான் தெரியுது."

அவள் டப்பாவை இழுத்து இன்னொரு கரண்டி வழித்து அவர் தட்டில் போட்டாள்.

"இப்பத்தான் வாயில உண்மை வருது" என்றாள். "தின்னுங்க."